ஆம்புலன்ஸ் வாங்கும் முன் மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள்

வாசகர் கேள்வி: கொடுங்கையூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். கடந்த மாதம், எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் 52 வயது நண்பருக்கு இரவு 10.40க்கு நெஞ்செரிச்சல் தொடங்கியது. சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுத்துப் பார்த்துவிட்டு 12.20க்கு ஆட்டோவில் கிளம்பி, 12.30க்கு அருகிலிருந்த நர்சிங் ஹோமுக்குப் போனோம். கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டுவிட்டு 1.05க்குத்தான் ஈசிஜி எடுத்தார்கள். அதை வெளியிலிருந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காத்திருந்து, மாரடைப்பு என்று தெரிந்தபின் 2.15க்கு வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். 2.35க்கு ஒரு தனியார் மருத்துவமனை. முதலில் முன்பணம் கேட்டார்கள், பிறகு இரவில் அடைப்பைத் திறக்கும் கேத் லேப் பிரிவில் ஆட்கள் இல்லை என்றார்கள். 3.40க்குக் கிளம்பி 3.55க்கு அரசு மருத்துவமனையை அடைந்தோம். 4.15க்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் எக்கோவில் இதயத்தின் திறன் 30 சதவீதம் என்கிறார்கள். இன்னொருவருக்கு இப்படி நேரக் கூடாது என்று சங்கத்தில் 4 லட்ச ரூபாய் திரட்டியிருக்கிறோம். பழைய ஆம்புலன்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? நண்பர் மறுபடியும் பட்டறைக்குப் போக முடியுமா?

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

மாரடைப்பு வந்த வீட்டில் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அல்லது செல்போன் அழைப்புகளிலிருந்தும் ரசீதுகளிலிருந்தும் பிறகு தேடி எடுத்திருக்கிறீர்கள். எப்படியானாலும், நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களே உங்கள் கேள்விக்குப் பாதி விடையைச் சொல்லிவிடுவதால் அவற்றை ஒரு தாளில் குறித்துக் கூட்டிப் பார்த்தேன். எரிச்சல் தொடங்கியதிலிருந்து ஊசி ஏறும்வரை 335 நிமிடங்கள் கழிந்திருக்கின்றன. அவற்றில் வீட்டில் போனவை 100, நர்சிங் ஹோமில் 105, தனியார் மருத்துவமனையில் 65, அரசு மருத்துவமனையில் 20. மூன்று பயணங்களையும் சேர்த்துச் சாலையில் போனவை 45 நிமிடங்கள்தாம். உங்கள் தெருமுனையில் சங்கத்தின் ஆம்புலன்ஸ் ஒன்று எந்நேரமும் தயாராக நின்றிருந்தாலும், அந்த நாற்பத்தைந்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களைத்தான் அது மிச்சப்படுத்தியிருக்கும். மீதி 290 நிமிடங்களை அது தொட்டிருக்கவே முடியாது. ஆகவே வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொரு காரணமும் உண்டு. மாரடைப்பின் முதல் சில மணி நேரத்தில், அதிலும் முதல் ஒரு மணி நேரத்தில், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்போது மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரும், அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அந்தக் கருவியும் ஆளும் இல்லாத வண்டி, மேலே விளக்குச் சுழன்றாலும், படுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரு வேன்தான். அதற்கு மூன்று வேளைக்கும் ஓட்டுநர் வேண்டும், எஃப்சி என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும், காப்பீடு கட்ட வேண்டும், ஓடாமல் நிற்கும் வண்டியின் பேட்டரியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஆர்வத்தோடு வாங்கி, இரண்டாம் ஆண்டில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தப்பட்ட சங்க வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து 108 சேவை இயங்குகிறது. பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் அதில் வருகிறார். உங்கள் நண்பருக்காக அன்றிரவு யாரும் 108ஐ அழைத்ததாகக் கடிதத்தில் இல்லை.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் படிந்திருக்கும் கொழுப்புப் படிவம் வெடித்து, அதன்மேல் ரத்தம் கட்டி, குழாய் முழுவதுமாக அடைபடுவதே பெரும்பாலான பெரிய மாரடைப்புகளின் கதை. அடைபட்ட குழாய்க்கு அப்பாலுள்ள தசை ஒரே நொடியில் இறந்துவிடுவதில்லை. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிறது. முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குழாயைத் திறந்தால் பெரும்பகுதியை மீட்கலாம். 12 மணி நேரம் வரை பலன் உண்டு என்றாலும் அது மணிக்கு மணி சிறுத்துக்கொண்டே போகும். எக்கோ அறிக்கையிலுள்ள அந்த 30 சதவீதம், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிலுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்பதன் அளவு; ஆரோக்கியமான இதயத்தில் 55க்கு மேல் இருக்க வேண்டிய எண்.

இப்போது வீட்டில் போன 100 நிமிடங்களுக்கு வருவோம். ஓமத்தண்ணீர் மீது எனக்குக் கோபம் ஏதுமில்லை; என் வீட்டிலும் அது உண்டு. அதைக் குடித்துவிட்டு, ஏப்பம் வருகிறதா பார்ப்போம், கொஞ்சம் காற்றாட உட்காரட்டும், விடியட்டும் என்று நாம் கொடுக்கும் அவகாசத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. மாரடைப்பு பல நேரங்களில் வலியாகவே வருவதில்லை. நெஞ்சில் பாரம், இறுக்கம், எரிச்சல், மேல்வயிற்றில் பிசைவு, தாடையிலோ இடது கையிலோ குடைச்சல், காரணமில்லாத வியர்வை, மூச்சிரைப்பு என்று அது வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே, வெறும் அசதியும் குமட்டலுமாகக்கூட வருவதுண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் அவசரப் பிரிவில் நின்ற என்னாலும், ஈசிஜி எடுக்காமல், முகத்தைப் பார்த்து இது கேஸ், இது மாரடைப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு விதியை எழுதித் தருகிறேன்: முப்பது வயதைத் தாண்டிய எவருக்கும், தொப்புளுக்கு மேலே தாடைவரை எங்கேயும், இதுவரை அறியாத வலியோ எரிச்சலோ இறுக்கமோ தொடங்கிப் பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால், அது கேஸ்தானா என்பதை வீட்டில் முடிவு செய்யக் கூடாது. வியர்வையும் சேர்ந்து வந்தால் அந்தப் பத்து நிமிடம்கூட வேண்டாம்.

வண்டி வரும்வரை நோயாளியைச் சாய்த்து உட்கார வையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தம் கக்கிய குடற்புண், பக்கவாத அறிகுறி ஆகியவை இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கச் சொல்லலாம். 108இல் பேசுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நம் தெருக்களில் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைத்தான் நான் அஞ்சுகிறேன். ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும் நோயாளிக்கு அது மேலும் இறக்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அளந்து பார்க்காமல், ஒருவருக்கு எழுதிக்கொடுத்ததை இன்னொருவருக்கு வைக்கக் கூடாது. பலமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் என்று ஆண்டுக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை உங்கள் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். நோயாளி நினைவிழந்து, மூச்சும் நின்றுவிட்டால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. பொம்மையின் மேல் அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்பது கைக்குத் தெரியும்.

நர்சிங் ஹோமில் போன 105 நிமிடங்களை எழுதும்போது என் பேனா கொஞ்சம் கடுமையாகத்தான் நகர்கிறது. அங்கே ஈசிஜி இயந்திரம் இருந்திருக்கிறது. அதை நோயாளியின் அருகே தள்ளிக்கொண்டு வருவதற்கு 35 நிமிடம் ஆகியிருக்கிறது. நெஞ்சில் தொந்தரவு என்று யார் வந்தாலும், பெயர் எழுதுவதற்கு முன்பே, பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து ஒரு மருத்துவர் அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகமெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நியதி. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் அத்துடன் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. தொந்தரவு தொடர்ந்தால் கால் மணி, அரை மணி நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும், இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் அளவையும் பார்க்க வேண்டும். மாரடைப்பு என்று தெரிந்து, தங்களால் சிகிச்சை தர முடியாது என்றால், நோயாளி உள்ளே வந்த அரை மணி நேரத்துக்குள் சரியான இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பணியிலிருந்த இளம் மருத்துவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. நள்ளிரவில் யாருக்கு ஈசிஜியை அனுப்புவது, பதில் வராவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது, எங்கே அனுப்புவது என்று அவருக்கு நிர்வாகம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்காது. அவர் ஒரு செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

என் மனத்தில் தங்கிய ஓர் இரவைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், விடியற்காலை நான்கு மணி வாக்கில், காசிமேட்டிலிருந்து ஒருவரை மீன்பாடி வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பலகையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏலத்துக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவருடைய மனைவி யாரையும் எதையும் கேட்கவில்லை, கையில் கிடைத்த வண்டியில் ஏற்றி, நேராக எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். வழியில் எந்த கிளினிக்கிலும் நிற்கவில்லை. ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்க அந்நாளில் எங்களிடம் இருந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை ஏற்றத் தொடங்கியபோது, வலி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. பத்து நாளில் தானே நடந்து வீட்டுக்குப் போனார். மீன்பாடி வண்டியை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு எங்கே போக வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

உங்கள் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலையும் இதுவே. நெருக்கடி வருவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், ஒரு மருத்துவமனையையும் அதற்கு மாற்றாக இன்னொன்றையும் முடிவு செய்துவிட வேண்டும். கொடுங்கையூரிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனை இரவில் அரை மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய தூரம். இதய ரத்தக்குழாய்க்குள் பலூன் செலுத்தி அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் அங்கே இருக்கிறது; சென்ட்ரல் எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இருக்கிறது. பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் ஒன்றை விரும்புபவர்களும் இருப்பார்கள். அது அவர்கள் உரிமை. எதுவானாலும் நிர்வாகிகள் இரண்டு பேர், முடிந்தால் இரவு 11 மணிக்கு மேல், நேரில் போய்ச் சில கேள்விகளைக் கேட்டு வாருங்கள். கேத் லேப் குழு இரவிலும் ஞாயிறன்றும் வருமா, வர எவ்வளவு நேரமாகும்? குழு இல்லாத நேரத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கையிருப்பில் இருக்கிறதா, அல்லது வெளியே வாங்கி வரச் சொல்வார்களா? முன்பணம் கட்டும் முன்பே சிகிச்சை தொடங்குமா? முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஏற்கிறார்களா? ‘எல்லாம் இருக்கிறது சார்’ என்ற வரவேற்பறைப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவசரப் பிரிவின் மருத்துவரிடமே கேளுங்கள்.

எது சிறந்த சிகிச்சை என்று உங்கள் உறுப்பினர்கள் விவாதிப்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளி முதன்முதலில் மருத்துவர் கண்ணில் பட்டதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் பலூன் வைத்துக் குழாயைத் திறக்க முடியுமானால் அதுவே மேலானது. அதற்குள் முடியாது என்று தெரிந்தால், காத்திருக்காமல் அரை மணி நேரத்துக்குள், ரத்தப்போக்கு ஆபத்து இல்லையென்று உறுதி செய்துகொண்டு, டெனெக்டிபிளேஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற கரைப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் அடைப்பைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோ செய்ய வேண்டும். மூன்றாவது வழியாக, பலூனும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் ஊரைச் சுற்றுவது ஒன்று இருக்கிறது; 4.15 வரை உங்கள் நண்பருக்குக் கிடைத்தது அதுதான்.

நல்ல ஏற்பாடு ஒன்றினாலேயே உயிர்கள் மிஞ்சும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று, சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடும் ஆம்புலன்ஸ் சேவையோடும் ஒரே வலையாகப் பின்னிய தமிழ்நாடு ஸ்டெமி (குழாய் முழுவதும் அடைபடும் பெரிய மாரடைப்பு) திட்டத்தின் ஆய்வு முடிவு 2017இல் வெளியானது. 2,420 நோயாளிகளைக் கணக்கில் கொண்ட அந்த ஆய்வில், மாரடைப்பு வந்து ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். ஒரு நோயாளி அடுத்து எங்கே போக வேண்டும், அங்கே யார் காத்திருக்க வேண்டும் என்பதை முன்னதாகத் தீர்மானித்து வைத்ததே அந்தத் திட்டத்தின் உயிர்நாடி. 2023இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை சேர்ந்த 14 மாத்திரைகளை முதல் மருந்தாகக் கொடுத்துவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் பகுதியின் சுகாதார நிலையத்தில் அது உண்டா, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கேட்டு நிறுத்தியதைப் பற்றி: உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு உதவுவது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989லேயே தீர்ப்பளித்திருக்கிறது. நள்ளிரவில் வழக்கைச் சொல்லி வாதாடிக்கொண்டிருக்க நேரமிராது. முதல் சிகிச்சையைத் தொடங்கி எழுதிக் கொடுங்கள் என்று உறுதியாகக் கேட்கலாம், மறுத்தால் அடுத்த நிமிடமே கிளம்பிவிடலாம். அங்கே 65 நிமிடம் நின்றதுதான் தவறு.

வடசென்னைக்கே உரிய சில விஷயங்களை வெளியூர்க்காரர் எவரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காகக் காத்து நின்ற அனுபவமும், பெருமழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்கிய அனுபவமும், கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கிய அனுபவமும் உங்கள் தெருவில் அனைவருக்கும் இருக்கும். மழை நாளுக்கு ஒன்று, மற்ற நாளுக்கு ஒன்று என இரண்டு வழிகளை ஆட்டோ ஓட்டும் உறுப்பினர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். 108ஐ அழைப்பவர் ஒருவர், தெருமுனையில் நின்று வண்டிக்குக் கைகாட்டுபவர் ஒருவர், வழியை மறித்து நிற்கும் இருசக்கர வாகனங்களை நகர்த்துபவர் ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். லிஃப்ட் இல்லாத வாரியக் குடியிருப்புகளின் மூன்றாம் மாடியிலிருந்து நோயாளியைக் கைத்தாங்கலாக நடத்திக் கீழே இறக்குவது வழக்கமாக இருக்கிறது, அது கூடாது. அடைபட்ட இதயத்துக்கு அந்தப் படிகள் பெரும் சுமை. கைப்பிடி இல்லாத உறுதியான மரநாற்காலி ஒன்றில் உட்காரவைத்து, வேட்டியாலோ துப்பட்டாவாலோ இடுப்பைக் கட்டி, பின்னால் ஒருவர், முன்னால் இருவர் எனத் தூக்கி இறக்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் உங்களில் பருமனான ஒருவரை உட்காரவைத்துப் பழகிப் பாருங்கள். திருப்பத்தில் எங்கே இடிக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

அந்த 4 லட்சத்துக்கு என் யோசனை இது. தானாகவே இதயத்துடிப்பைக் கணித்து, மின்னதிர்ச்சி தேவையா என்று சொல்லிக் கொடுக்கவும் உதவும் ஏஇடி என்ற டிஃபிப்ரிலேட்டர் கருவி ஒன்றை வாங்கி, பூட்டப்பட்ட சங்க அலுவலகத்தில் வைக்காமல், இரவும் பகலும் ஆள் இருக்கும் இடத்தில் வைத்து, பேட்டரியையும் ஒட்டுப் பட்டைகளின் காலாவதி நாளையும் மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். தெருவுக்கு நான்கு பேருக்காவது, பெண்களையும் சேர்த்து, நெஞ்சழுத்தப் பயிற்சி கொடுங்கள். ஆண்டுதோறும் அதைப் புதுப்பியுங்கள். மீதியை நெருக்கடி நிதியாக வங்கியில் வைத்து, நள்ளிரவில் முன்பணம் இல்லாமல் தவிக்கும் குடும்பத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்துப் பிறகு வசூலிக்கலாம். கணக்கை மட்டும் இரண்டு பேர் கையெழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நல்ல காரியம் சண்டையில் முடியும். அருகிலுள்ள நர்சிங் ஹோமின் நிர்வாகியையும் நேரில் பாருங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். உங்கள் தாளிலுள்ள நேரங்களைக் காட்டி, பத்து நிமிடத்தில் ஈசிஜி, அரை மணியில் அனுப்பி வைத்தல் என்ற இரண்டையும் எழுதி அவசர அறையில் ஒட்ட முடியுமா என்று கேளுங்கள். ஆயிரம் குடும்பங்கள் உள்ள ஒரு சங்கம் கேட்டால் அவர்கள் காதில் விழும்.

கடைசியாக, உங்கள் நண்பர். பட்டறைக்குத் திரும்புவது இப்போதைக்கு இல்லை. ஆனால் முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. மருந்தும் படிப்படியான நடைப்பயிற்சியும் இதயத்தின் திறனைப் பல பேரில் ஓரளவு உயர்த்துகின்றன. மாத்திரைகளில் ஒன்றைக்கூடத் தானாக நிறுத்தக் கூடாது. புகைப்பழக்கம் இருந்தால் அது இன்றோடு முடிய வேண்டும். மாரடைப்புக்கு 40 நாட்களுக்குப் பிறகு, ஸ்டென்ட் வைத்திருந்தால் மூன்று மாதம் கழித்து, மறுபடி எக்கோ எடுப்பார்கள். அப்போதும் 35 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லையென்றால், ஆபத்தான துடிப்பு வந்தால் தானே மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி என்ற சிறு கருவியைத் தோளெலும்புக்குக் கீழே பதிப்பது பற்றி மருத்துவர் பேசக்கூடும். அந்தப் பேச்சு வரும்போது, தான் ஆர்க் வெல்டிங் செய்பவர் என்பதை அவர் மறக்காமல் சொல்ல வேண்டும். வெல்டிங் இயந்திரத்தின் மின்காந்தப் புலம் அந்தக் கருவியைக் குழப்பிவிடக்கூடும் என்பதால், எத்தனை ஆம்பியரில் வேலை செய்கிறார் என்பதையும் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.